மல்லாட்டை டின்னும் டெலீட் அக்காவும்

ஒருவர் வீட்டு விசேஷ பேனரிலிருந்து அவருடைய முகத்தையே எடுத்துவிட்டு, அப்புறம் அவரிடமே காபியும் வாங்கிக் குடிக்கக்கூடிய பிறவி விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் ஒருவர்தான் உண்டு. எங்கள் டெலீட் அக்கா.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அழகான பெயர். இங்கே எழுதினால் முதல் வேலையாக அதைத்தான் எடுக்கச் சொல்வார். "பேரு எதுக்குடா நடுவுல? என்னத்தான் சொல்றன்னு ஊருக்கே தெரியும்ல?" என்பார். ஆகவே டெலீட் அக்கா.

திண்டிவனத்தில் மரக்காணம் போகிற ரோட்டில், டிராக்டர் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றதும் போட்டோ பிடிக்கிற இடம் என்று நினைத்து, தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. எங்கள் தொழில் வேறு. கடைக்குப் பெயர் வைப்போம். அந்தப் பெயருக்கு எழுத்து வரைவோம். போர்டு, நோட்டீஸ், அட்டைப் பெட்டி, துணிப் பை, செல்போனில் ஓடும் குட்டி வீடியோ என்று, ஒரு வியாபாரி ஊரோடு பேச வேண்டிய பேச்சையெல்லாம் அவர் சார்பில் நாங்கள் பேசிக் கொடுப்போம்.

முதலாளி சம்பத் சார். முன்னாள் கல்யாண வீடியோக்காரர். படம் வரைய ரஹீம். வார்த்தைக்கு நான். எங்கள் மூன்று பேருடைய வேலைக்கும் மேலே எமனாக உட்கார்ந்திருந்தவர் அக்கா. கிரியேட்டிவ் ஹெட் என்பது பதவியின் பெயர். கிளியனூரிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவார். அங்கே அவர் கணவருக்கு நெல்லு வயல். காலையில் வயலில் களை பிடுங்கிவிட்டு வருகிற கை, மாடிப்படி ஏறியதும் எங்கள் டிசைன்களில் அதே வேலையைத் தொடரும்.

நான் சேர்ந்த அன்று விழுப்புரத்தில் ஒரு மெத்தைக் கடைக்கு விளம்பரம் எழுதச் சொன்னார்கள். தமிழில் பட்டம் வாங்கியவன். விடுவேனா? ஒரு பக்கத்துக்கு எழுதி நீட்டினேன். அக்கா படிக்கவில்லை.

"உங்க அம்மா எங்க இருக்காங்க?"

"வளவனூர்லக்கா."

"போன் போடு. ஸ்பீக்கர்ல போட்டு இத அவங்களுக்குப் படிச்சுக் காட்டு."

போட்டேன். எதிர்முனையில் அம்மா அலோ சொன்னதும், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "நித்திரை அன்னையின் மடியில் நித்தமும் ஓர் ராஜபோகம். மேகத்தின் மென்மையை உங்கள் இல்லத்துக்கே கொணர்ந்தோம்..."

 பிறகு அம்மா மெதுவாகக் கேட்டார். "இன்னாடா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? பக்கத்துல யாருனா இருந்தா போன குடு."

அக்கா போனை வாங்கினார். "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. கொஞ்ச நாள்ல சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டு, என் ஒரு பக்கத்தையும் அழித்தார். மிச்சம் இருந்த வெள்ளைத்தாளில் அவரே இரண்டு வார்த்தை எழுதினார். "படுத்துப் பாருங்க."

அவ்வளவுதான் விளம்பரம். கடை வாசலில் ஒரு கட்டிலும் மெத்தையும் போட்டு, மேலே அந்த இரண்டு வார்த்தையை மாட்டினோம். அடுத்த நாளே கடைக்காரர் போனில் அலறினார். நெல்லு இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு லாரி டிரைவர், போர்டில் சொன்னபடியே படுத்துப் பார்த்தாராம். மத்தியானத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறாராம்.

"எழுப்பாதீங்க. அந்த ஆளு தூங்கறதுதான் உங்க விளம்பரமே" என்றார் அக்கா.

சாயங்காலம் டிரைவர் எழுந்தபோது அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். அவர் அந்த மெத்தையைச் சுருட்டச் சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அப்போதே உள்ளே போனார்கள். அதற்குப் பிறகு நான் எழுதுவதையெல்லாம் வளவனூருக்குப் படித்துக் காட்டாமல் அனுப்புவதில்லை. அம்மாவும் தேறிவிட்டார். "அந்த ரெண்டாவது வார்த்த எதுக்கு?" என்று கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

அக்காவின் கை எங்கள் சொந்த போர்டையும் விட்டு வைக்கவில்லை. தெருவைப் பார்த்து சம்பத் சார் ஆசையாக வைத்த போர்டு அது. ஸ்டூடியோ பெயர், செய்கிற வேலைகளின் பட்டியல், வேலை நேரம், ஒரு கழுகு எல்லாம் அதில் உண்டு. சார் உறவினர் கல்யாணத்துக்குப் போயிருந்த சமயம் பார்த்து அக்கா அதை மாற்றிவிட்டார். திரும்பி வந்தவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். வெள்ளைப் பலகை. அதில் "மாடிக்கு வாங்க" என்று மட்டும் எழுதியிருந்தது.

"ஏம்மா, இன்னா கடைன்னு கூட போடலியே?"

"போட்டா, வேண்டியவன் மட்டும்தான் சார் வருவான்."

அவர் சொன்னது பலித்தது. வேண்டாதவர்கள் எல்லாம் வந்தார்கள். பெண்ணுக்கு டியூஷன் கேட்டு ஒரு அம்மா வந்தார். ஜாதகக் கட்டோடு ஒருவர் வந்து, நல்ல வரனாக இருந்தால் சொல்லும்படி சார் முன்னால் உட்கார்ந்தார். ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்தபடி ஏறி வந்து, ரஹீமின் சுழல் நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தார். ரஹீம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கடைவாய்ப் பல்லுதாங்கய்யா" என்று சொல்லி, நிஜமான பல் டாக்டரிடம் தன் பைக்கிலேயே கூட்டிப்போனான். வலி தீர்ந்த பெரியவர் மறுவாரம் மகனோடு வந்தார். மகனுக்குப் பால் பண்ணை. அவர்களுடைய பால் கேன் முதல் வேன் வரைக்கும் இன்றைக்கும் எங்கள் எழுத்துதான். டியூஷன் அம்மாவின் கணவர் அரிசி மண்டி வைத்திருந்தார். ஜாதகக்காரர் மட்டும் எந்த ஆர்டரும் தரவில்லை. ஆனால் ரஹீமுக்குப் பெண் பார்த்துக் கொடுத்தார்.

முகத்தை எடுத்த கதை ஒரு வளவனூர்க்காரருடையது. ஒரு குழந்தைக்குக் காதுகுத்து. பேனர் கேட்டு வந்தவர் தாய்மாமன். சுற்றுவட்டாரத்தில் மற்றவர்கள் மிதித்துக் கிளப்பவே பயப்படுகிற ஒரு புல்லட் வைத்திருப்பவர். குழந்தையின் படத்தோடு, சொந்தக்காரர்கள் படங்களை ஒரு பை நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். நடுவில் தன்னுடைய படம், கறுப்புக் கண்ணாடியோடு.

பேனர் போய் இறங்கியது. அன்று சாயங்காலமே புல்லட் சத்தம் எங்கள் மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றது. சம்பத் சார் அவசரமாகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"யாரும்மா பேனர் அடிச்சது? கொழந்த மட்டும் நிக்குது. என் மூஞ்சி எங்க?"

அக்கா எழுந்து, கம்ப்யூட்டரில் அந்தக் குழந்தையின் படத்தைத் திறந்து பெரிதாக்கினார். மூக்கு மட்டும் திரை முழுக்க வரும்வரை பெரிதாக்கினார்.

"இது யாரு மூக்குங்க?"

தாய்மாமன் கண்ணாடியைக் கழற்றினார். திரையைப் பார்த்தார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"எங்க குடும்ப மூக்கும்மா இது" என்றார். குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"அதான். உங்க மூஞ்சிய தனியா எதுக்கு போடணும்? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு அதுல நீங்க நின்னா, இந்த மூக்கு யாரு கண்ணுக்குத் தெரியும்?"

அவர் அதே படத்தைத் தன் வீட்டு ஹாலுக்குப் பெரிதாக அடித்துத் தரச் சொன்னார். போகும்போது கீழே டீக்கடையில் எல்லோருக்கும் காபி சொல்லிவிட்டுப் போனார். குளியலறையிலிருந்து வெளியே வந்த சம்பத் சாருக்கும் ஒன்று வந்தது.

இப்படி ஜெயித்துக்கொண்டே இருந்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். பெரிய வேலைகள் வரவில்லை. காதுகுத்தும் மெத்தையும் பால் கேனும் வைத்து ஒரு மாடியைக் காப்பாற்றுவது சிரமம். ஒரு நாள் சம்பத் சார் எங்களை உட்கார வைத்துப் பேசினார். சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற விவசாயிகள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறார்கள். எண்ணெய் ஆட்டி டின்னில் விற்கப்போகிறார்கள். பெயர், டின், விளம்பரம் எல்லாவற்றுக்கும் ஆள் தேடுகிறார்கள். சென்னையிலிருந்து ஒரு பெரிய விளம்பரக் கம்பெனியும் போட்டிக்கு வருகிறது.

"இது கெடைச்சா நிமிந்துடுவோம். கெடைக்கலன்னா மாடிய கீழ இருக்கறவருக்கே குடோனுக்கு வுட்டுட்டு, நான் மச்சானோட சேந்து பிளக்ஸ் பிரிண்டிங் போட்டுக்கறேன். உங்களயெல்லாம் வெச்சிக்கினு இழுக்க முடியல. கோச்சிக்காதீங்க."

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ரஹீமுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. எனக்கு இந்த மாடியை விட்டால், முன்பு வேலை தேடித் தங்கியிருந்த சென்னை மேன்ஷன் அறைதான் மறுபடி.

ரஹீம் உயிரைக் கொடுத்து வரைந்தான். வேரும் காயுமாகப் பிடுங்கிய ஒரு மல்லாட்டைச் செடி, இலையில் பனித்துளி, பின்னால் உதிக்கிற சூரியன், ஏர் மாடு இரண்டு. அக்கா முதலில் சூரியனை எடுத்தார். "எண்ணெய் சூடாயிடும்." அடுத்து மாடு போனது. "மாடு கட்டறதுக்கா டின்னு?" பனித்துளி போனது. கடைசியில், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, செடியும் போனது. திரையில் வெறும் மஞ்சள்.

ரஹீம் பையை எடுத்துக்கொண்டான். "மஞ்ச டப்பாவுக்கு நான் எதுக்குக்கா? பெயிண்டு கடைக்காரரு போதும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

அக்கா போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மேலே நின்றேன்.

"உங்க வீட்ல மல்லாட்டைய இன்னான்னு சொல்லுவீங்க?"

"மல்லாட்டைன்னுதான்."

"கடையில வாங்கற டின்னுல இன்னா எழுதியிருக்குது?"

"கடலை எண்ணெய்."

"நம்ம ஊரு வார்த்தைய நம்ம ஊரு டின்னுல நான் பாத்ததே இல்லடா. அந்த ஒரு வார்த்த போதும். ஆனா அத பாத்தா, உரிச்சு வாயில போட்டுக்கணும்னு தோணணும். அந்த எழுத்து கம்ப்யூட்டர்ல இல்ல. தேடிட்டேன். உன் கையிலதான் இருக்குது."

ரஹீம் கொஞ்ச நேரம் கழித்து மேலே வந்து, தரையில் காகிதத்தை விரித்து, பிரஷ்ஷை எடுத்தான். அவன் எழுதிய 'மல்லாட்டை'யை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் மல்லாட்டைக் காய்க்கு இருப்பது போல ஒரு இடுப்பு. கீழே சின்னதாக 'எண்ணெய்'. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை; நான் அங்கே எழுதிக் கொடுத்த வரிகளையெல்லாம் அக்கா ஏற்கெனவே அழித்திருந்தார்.

விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூட்டம். கம்பெனியின் இயக்குநர்கள் எல்லோரும் விவசாயிகள். தலைவர் விக்கிரவாண்டிப் பக்கத்துக்காரர். வெள்ளை மீசை, அதற்குத் தகுந்த வெள்ளைச் சட்டை. அஞ்சலை என்று ஒரே ஒரு பெண் இயக்குநர், வயலிலிருந்து நேராக வந்தவர் போல முந்தானையைச் செருகியபடி உட்கார்ந்திருந்தார்.

சென்னைக்காரர்கள் முதலில் பேசினார்கள். நல்ல பிள்ளைகள், நல்ல வீடியோ. எண்ணெய்க்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிப் பார்க்கவே நாக்கில் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டியிருந்தது. ஆனால் டின்னைக் காட்டியதும் கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. இயக்குநர்கள் அத்தனை பேருடைய முகமும் டின்னைச் சுற்றி வரிசையாக இருந்தது. நடுவில் தலைவர். ஒவ்வொருவரும் டின்னை வாங்கித் திருப்பித் திருப்பித் தன்னைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். சம்பத் சார் என் காதில், "குடோனுதாண்டா" என்றார்.

எங்கள் முறை வந்தது. அக்கா எழுந்தார். வீடியோ இல்லை, பேச்சும் இல்லை.

"எல்லாரும் ஒரு நிமிஷம் வாசலுக்கு வர்றீங்களா?"

வந்தார்கள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு இளநீர் வண்டி நின்றது. அதன் மேல் இரண்டு டின்களை ரஹீம் வைத்துவிட்டு ஒதுங்கினான். சென்னை டின் ஒன்று, எங்களுடையது ஒன்று.

"உங்க எண்ணெய் எது, சொல்லுங்க பாப்போம்" என்றார் அக்கா.

கொஞ்ச நேரம் எல்லோரும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். முதலில் படித்தவர் அஞ்சலை. எழுத்துக் கூட்டித்தான் படித்தார். "மல்... லாட்... டை." படித்துவிட்டு அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, அத அப்படியே எழுதலாமா?"

"எழுதியாச்சே."

"எம்மாம் பெருசா இருக்குது" என்றார் அஞ்சலை. அவர் அதற்கப்புறம் அந்த டின்னிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பேண்ட் போட்ட ஓர் இயக்குநர் குறுக்கிட்டார். "மெட்ராஸ்ல இந்த வார்த்த யாருக்கும் தெரியாது. கடலைன்னு போட்டாதான் டீசண்டா இருக்கும்."

"தெரியலன்னா கேட்டுத் தெரிஞ்சிக்கட்டும் சார். அவங்க வார்த்தையெல்லாம் நாம கத்துக்கலயா?"

அந்த நேரத்தில் புதுச்சேரி போகிற பஸ் ஒன்று நெரிசலில் நின்றது. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா தலையை வெளியே நீட்டி இளநீர்க்காரரிடம் கேட்டார். "மல்லாட்டை எண்ணெயா அது? இன்னா வெல?" இளநீர்க்காரர், "என்னுது இல்லம்மா, தோ அவங்கள கேளு" என்று மொத்த இயக்குநர் குழுவையும் கைகாட்டினார். பதில் வருவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. போகப் போக அந்த அம்மா, "எங்க விக்குது?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அம்மாவை நாங்கள் ஏற்பாடு செய்யவில்லை. சம்பத் சாரே பின்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் இன்னும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நின்றார்.

"அந்த டின்னுல என் மூஞ்சி எங்க இருக்குது? இங்கேருந்து தெரியலியே."

"கிட்ட போனா தெரியும் ஐயா."

"அப்ப உங்க டின்னுலயும் ஒரு ஓரமா என்னைப் போட்டுடும்மா. மத்தபடி உங்களுதே இருக்கட்டும்."

 ஒரே ஒரு முகம். தலை ஆட்டினால் ஆர்டர் கையில். சம்பத் சார் ஏற்கெனவே ஆட்ட ஆரம்பித்திருந்தார்.

"போடலாம் ஐயா" என்றார் அக்கா, மிகவும் மரியாதையாக. "எண்ணெய் தீந்ததும் டின்ன தூக்கி குப்பையில வீசுவாங்க. அதான் யோசனையா இருக்குது."

தலைவர் மீசையைத் தடவினார். ரோட்டோரம் பார்த்தார். விழுப்புரம் ரோட்டோரத்தில் பார்ப்பதற்கு என்ன கிடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் நீண்ட நேரம் பார்த்தார்.

"வேணாம்மா" என்றார். "எடுத்துடு."

அக்காவின் தொழில் வாழ்க்கையில், கேட்காமலே ஒருவர் தன்னைத்தானே எடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அஞ்சலை சிரித்த சிரிப்பில் இளநீர்க்காரரும் சேர்ந்துகொண்டார். சென்னைப் பிள்ளைகளில் ஒருவன் ரோட்டைத் தாண்டிப் போய் எங்கள் டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தான். வந்து ரஹீமிடம் கை கொடுத்தான். "இது நீங்க கையால எழுதினதா?" என்று கேட்டான். ரஹீம் தலையை மட்டும் ஆட்டினான்.

இன்றைக்கு விக்கிரவாண்டி ஹைவே ஓட்டல்களிலும் திண்டிவனம் மளிகைக் கடைகளிலும் அந்த மஞ்சள் டின் அடுக்கி நிற்கிறது. சென்னைக்கும் போகிறது. மல்லாட்டை என்றால் என்ன என்று அங்கே கேட்கிறார்களாம், கேட்டுவிட்டு வாங்குகிறார்களாம். அதைப் பார்த்து மற்ற வேலைகளும் வந்தன. கீழ்க்கடைக்காரர் குடோனுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டார். நாங்கள் பக்கத்து அறையையும் சேர்த்து எடுத்தோம். அங்கே மேஜை நாற்காலி எதுவும் போடக்கூடாது என்பது அக்காவின் உத்தரவு.

ஜெயித்த அன்று சாயங்காலம் திரும்பும் வழியில், விக்கிரவாண்டி டோல்கேட்டுக்கு முன்னால் ஒரு பரோட்டா கடையில் வண்டியை நிறுத்தினோம். சம்பத் சார் வந்தவன் போனவனுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை பாராட்டவில்லை. "சாப்புடுங்கடா, ஜல்தி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கை கழுவப் போன எனக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரல் கேட்டது. கிளியனூருக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, பசங்க ஜெயிச்சிட்டாங்க. ஆமாங்க... நான் இன்னா பண்ணேன், ரோட்டுல நின்னேன், அவ்ளோதான். அந்த ரஹீம் எழுத்த நீங்க பாக்கணுமே. நாளைக்கு எடுத்தாந்து காட்டறேன். அப்புறம் இந்த வளவனூரு தம்பி இல்ல? ராவும் பகலுமா எழுதிக்கினு கெடந்தான். நான் அழிக்க அழிக்க மொகம் சுளிக்காம எழுதுவான்ங்க அவன். வேற எங்கனா போயிருந்தா எப்பவோ பெரிய ஆளாயிருப்பான், நம்மள நம்பிக்கினு இங்க கெடக்கறான்... சம்பத் சார் அழுதுட்டாருங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க..."

பேசிக்கொண்டே போனார். ஒரு சின்ன விஷயத்தைக்கூட விடவில்லை. நான் சத்தம் காட்டாமல் வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அக்காவும் வந்து எதிரில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னாடா, கண்ணெல்லாம் கலங்கிக் கெடக்குது?"

"சால்னா காரம்க்கா" என்றேன்.